மஞ்சள் பலகையில் இரண்டு பெயர்கள்

பேருந்து என்னை மட்டும் இறக்கிவிட்டுப் போகிறது. ஜெர்மனியில் ரவுணில், நகரத்துக்குள்ளேயே, இருக்கிறோம் என்றுதான் என் பேத்திக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். நம்பாமல், வருவதாகச் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்பே, சொல்லாமல் வந்து பார்க்கிறேன். பதினொரு வீடுகள், ஒரு தேவாலயம், ஆறு மாடுகள். மஞ்சள் பலகையில் பெரிதாக இந்தக் கிராமத்தின் பெயர். கீழே சின்ன எழுத்தில் அவர்கள் சொன்ன நகரத்தின் பெயர்.

தரிப்பிடத்தில் ஒரு தமிழ்ப் பெண் நிற்கிறாள்.

"பிள்ளை, இதுவோ ரவுண்?"

"ஓம் அங்கிள். ரவுணோட சேர்த்த ஒன்பது ஊரில இதுவும் ஒண்டு."

"ஒன்பதோ! இங்க ஒரு தமிழ்க் குடும்பம் இருக்காமே. பெடியன் எப்பிடி?"

"நல்லவன். கொஞ்சம் சோம்பேறி. என்ர தம்பிதான்."

நான் மஞ்சள் பலகையை இன்னொரு முறை வாசிப்பதுபோல் பார்க்கிறேன்.

"நீங்கள் எங்கயிருந்து, அங்கிள்?"

"மெல்பேர்ன்."

"மெல்பேர்னோ, கிரான்பர்னோ? நாங்களும் விசாரிச்சனாங்கள். அங்கயிருந்து ரவுணுக்கு ரயிலில ஒரு மணித்தியாலமாமே?"

சிரித்துக்கொண்டே என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிறாள். பின்னால் போகிறேன். எங்கள் கிரான்பர்னில் யாரிடம் விசாரித்திருப்பார்கள்? நான்கு பேர்மேல் எனக்குச் சந்தேகம்.