உப்புத்தண்ணீர் ஓடிய பைப்

"...கார் உருண்டாலும் இவரு தலைக்கு ஒண்ணும் ஆவாதில்ல? நீங்களே சொல்லுங்கண்ணா" என்று கேட்டார் மேரி, என் நண்பன் செல்வத்தின் மனைவி.

மரக்காணத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். செல்வம் தன் பந்தயக் காருக்குள் ரோல் கேஜ் அடிக்கச் சொல்லியிருந்தான். கார் கவிழ்ந்தால் ஆளைக் காக்கிற இரும்புக் கூண்டு அது. அதற்கென்று இருக்கும் பைப் வர நாளாகும் என்றார்கள். உப்பளத்தில் தண்ணீர் இறைத்துக் கழற்றிப்போட்ட இரும்பு பைப் என்னிடம் கிடந்தது. தேய்த்ததும் பளபளத்தது. அதையே வளைத்துக் கூண்டடித்து, பெயின்டும் பூசிவிட்டேன். அன்று காலையில்தான் மிச்சத் துண்டைத் தட்டிப் பார்த்தேன். உள்ளிருந்து துரு செதில் செதிலாகக் கொட்டியது.

"மச்சான் கை வச்சா யானையே ஏறினாலும் தாங்கும்டி" என்று ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி காருக்குள்ளிருந்து செல்வம் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"தாங்கும்மா" என்றேன். எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன்; சொன்ன வாயை நானே வெறுத்தது அந்த ஒன்றுக்குத்தான்.

மேரியின் முகம் தெளிந்தது. "அப்ப எனக்கென்னா பயம்? ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று மகளைத் தூக்கிக்கொண்டு, செல்வத்தின் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.