இடது பக்கத்துச் சாய்வு

சித்தப்பா வாங்கிய குட்டியானை எங்கள் தெருவுக்குள் நுழைந்த அன்று வீட்டில் ஒருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. அகரத்துத் தோட்டங்களில் தக்காளி ஏற்றித் திண்டுக்கல் மார்க்கெட்டில் இறக்குவதற்கான சின்ன லோடு வண்டி. பழசுதான், வெள்ளை பெயிண்ட் அடித்ததும் புதுமாப்பிள்ளை போல நின்றது. பக்கவாட்டில் பெயர் எழுதுவது ஒன்றுதான் பாக்கி.

எங்கள் பக்கம் வண்டி என்றால் பிள்ளைகள் பெயர்தான். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை. அதனால் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அப்பா குலசாமி பெயரைச் சொன்னார். அத்தை பழனி முருகனைச் சொன்னாள். அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் சித்திக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். வீட்டில் இருந்த ஒரே பிள்ளை நான். ஆகவே என் பெயர்தான் என்று நானே முடிவு கட்டி, பள்ளிக்கூடம் பூராவும் தம்பட்டம் அடித்துவிட்டேன்.

ஸ்டிக்கர் கடைக்குச் சித்தப்பா என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் கம்ப்யூட்டரில் விதவிதமான எழுத்துகளைக் காட்டினார். நான் கை காட்டியது தடித்து, அகன்று, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. பூவேலை எதுவும் கிடையாது. நின்ற இடத்திலேயே ஓடுவது போல இருந்தது. "பேரு?" என்றார் கடைக்காரர். சித்தப்பா சித்தியின் பெயரைச் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஒட்டி முடித்ததும் வண்டியைச் சுற்றி வந்தேன், குறை கண்டுபிடிக்கத்தான். கிடைத்தது. டிரைவர் பக்கம் எழுத்து வண்டியோடு சேர்ந்து முன்னால் பாய்ந்தது. இடது பக்கத்தில் அதே சாய்வு வண்டியின் பின்பக்கம் பார்த்துக் கிடந்தது, கிளம்ப மனசில்லாததைப் போல. கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "வீட்டுல காட்டுங்க. பிடிக்கலைன்னா அந்தப் பக்கத்த மட்டும் மாத்திச் சாய்ச்சு வெட்டித் தாரேன்" என்றார்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அத்தை ஆரம்பித்தாள். "புள்ள பேரு போடுற எடத்துல பொண்டாட்டி பேரா?"

"ஆமாக்கா" என்றார் சித்தப்பா.

சித்தி ஈரக்கையோடு வந்து, வாசலைப் பார்த்து நின்ற இடது பக்கத்தின் முன்னால் நின்றாள். நான் முந்திக்கொண்டேன். "இந்தப் பக்கம் தப்பு சித்தி. வண்டி முன்னால போகுது, உங்க பேரு பின்னால வீட்டப் பாத்துச் சாயுது."

சித்தி செத்த நேரம் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மாத்த வேணாங்க. இப்புடியே இருக்கட்டும்" என்றாள் சித்தப்பாவிடம்.

எழுத்தின் அருமை தெரியாத சித்தி என்று எனக்கு ஒரே எரிச்சல். மறுநாளிலிருந்து வண்டி கிளம்பும் நேரம் அவள் வாசலில் நிற்பாள். டிரைவர் பக்கம் அந்த எழுத்து எவ்வளவு அழகாக ஓடுகிறது என்று காட்ட, கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தும் பார்த்திருக்கிறேன். அவள் வரவே இல்லை. வாசலிலிருந்து தெரிந்த அந்தத் தப்பான பக்கமே அவளுக்குப் போதுமாயிருந்தது. அது எப்படிப் போதும் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.