பெட்ரோல் அக்கா பேட்டரிக்கு மாறிய கதை

அந்தத் தெருவில் செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு மேல் யாரும் தூங்கியதாகச் சரித்திரம் இல்லை. பெட்ரோல் அக்கா வந்துவிடுவாள். தள்ளுவண்டியிலிருந்து மெஷினை இறக்கி, வாரைத் தோளில் மாட்டி, சோக்கைத் தள்ளிவிட்டுக் கயிற்றை ஓர் இழுப்பு. முதல் இழுப்புக்கு அது கண்டுகொள்ளாது. இரண்டாவதற்கு இருமும். மூன்றாவதற்கு எழுந்து கத்த ஆரம்பித்தால் தெரு முழுக்க ஜன்னல்கள் சாத்தப்படும்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் இருபத்திரண்டு வருஷம் புல்லோடு போனது. வாரத்துக்குப் பதினோரு தோட்டங்கள். மெஷினுக்கு அவள் வைத்த பெயர் கிழவன். நீளமான கம்பியின் ஒரு முனையில் புல்லை அறுக்கும் நைலான் நரம்பு சுற்றும். மறுமுனையில், சரியாக அவளுடைய வலது இடுப்புக்குப் பின்னால், என்ஜின் உட்கார்ந்து கத்தும். பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும் என்று அவளுக்கு அளவு குவளை தேவையில்லை, நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்கு அவளுக்கு ஆகும் நேரத்தில் மற்றவர்கள் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பேட்டரி மெஷின் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"அது மெஷினா? பொம்மை! பிள்ளைங்க பல்லு விளக்க வாங்கிக் குடுங்க. எருக்குழி ஓரத்துல இடுப்பு உயரப் புல்லு நிக்குதே, அதுக்குள்ள அதை விட்டா வெளிய வராது."

இப்படிச் சொல்லியே பத்து வருஷத்தை ஓட்டிவிட்டாள். பதினோரு தோட்டத்துச் சொந்தக்காரர்களும் அவள் வாய்க்குப் பயந்தோ, வேலைக்கு மயங்கியோ பேசாமல் இருந்தார்கள்.

பதினொன்றில் அவளுக்கு உயிர் ஒன்றின் மேல்தான். இசைப் பள்ளித் தோட்டம். சுற்றிலும் மாடிக் கட்டடம், நடுவில் புல்வெளி, ஓரத்தில் ஒரு பெரிய மரம். மற்ற இடங்களில் வேலை முடிந்ததும் கிளம்பிவிடுபவள், இங்கே மட்டும் பத்தரை மணிக்குக் கிழவனை அணைத்துவிட்டு மரத்தடியில் டீயோடு உட்கார்ந்துவிடுவாள். ஒரு ஜன்னலில் பியானோ, இன்னொன்றில் மத்தளம், எங்கோ பிள்ளைகள் சேர்ந்து பாடும் சத்தம். பாட்டுப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் அந்தக் கால் மணி நேரத்துக்காகவே அந்த வாரம் விடிந்தது மாதிரி இருக்கும். ஒரே ஒரு குறைதான்.

"எல்லாம் இருக்கு. அந்தக் குழல் வகுப்பை மட்டும் மூடிட்டாங்க. மூணு வருஷம் ஆச்சு. மூணாவது மாடி, கடைசி ஜன்னல். அதுதான் எனக்குப் பிடிச்சது. கேக்கவா முடியும், நான் யாரு? புல்லு வெட்டறவ." இதை அவள் பாதி ஊருக்காவது சொல்லியிருப்பாள்.

பள்ளிக்குப் புது முதல்வராக ஓர் அம்மாள் வந்தார். பெரிய கண்ணாடி, சின்ன உருவம், சொன்னதைத் திரும்பச் சொல்லாத பழக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை மரத்தடிக்கே வந்து நின்றார்.

"அக்கா, உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. ஆனா இந்தச் சத்தத்துல பிள்ளைங்க என்ன வாசிக்கறாங்கன்னு அவங்களுக்கே கேக்கல. அடுத்த மாசத்துல இருந்து பெட்ரோல் மெஷின் உள்ள வரக் கூடாது. பேட்டரிக்கு மாறிடுங்க. இல்லைன்னா நான் வேற ஆளைப் பாக்கணும்."

அக்கா டீயை அப்படியே கீழே வைத்தாள். மற்ற பத்துப் பேரில் யார் இதைச் சொல்லியிருந்தாலும் அங்கேயே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பாள். இங்கே கிழவனைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் புலம்பல். கேட்க ஓர் ஆள் இருந்தார், அவள் கணவர். நகர நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலை. மெலிந்த மனிதர். அவர் பேசுவது அவருக்கே கேட்காது என்பது அக்காவின் நீண்ட நாள் குற்றச்சாட்டு.

"ஒரு தடவை வாங்கிப் பாத்தா என்ன?" என்றார் அவர்.

"என்ன? வாயைத் திறந்து பேசுங்க. வீட்டுக்குள்ளயும் உங்க லைப்ரரிக் குரல்தானா?"

"ஒரு தடவை பாத்தா என்னன்னு கேட்டேன்!"

"அதுக்கு ஏன் கத்தறீங்க?"

அவர் தட்டைக் கழுவப் போனார்.

மெஷின் கடையில் கடைக்காரரின் மகள்தான் கல்லாவில் இருப்பாள். கல்லா மேல் ஒரு பூனையும் இருக்கும். பெட்ரோல் அக்கா பேட்டரி மெஷின் கேட்டு வந்ததைக் கண்டு அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒன்றை எடுத்துத் தந்தாள்.

"ரெண்டு வாரம் வச்சுப் பாருங்க அக்கா. பிடிக்கலைன்னா திருப்பிக் குடுங்க. ஒண்ணே ஒண்ணுதான் முக்கியம். பேட்டரி தீரப் போகுதுன்னா மெஷினே பீப் பீப்னு கூப்பிடும். உடனே நிறுத்தி சார்ஜர்ல போட்டுருங்க, அரை மணியில ஏறிடும். கூப்பிட்டும் விடாம ஓட்டினீங்கன்னா பேட்டரி கொதிச்சுப் போயிடும். அப்புறம் அது ஆறற வரைக்கும் சார்ஜர் தொடாது."

"சரி சரி, கூப்பிட்டா நிறுத்தத் தெரியாதா எனக்கு?"

வெள்ளோட்டத்துக்கு முதல்வரே நாள் குறித்தார். பள்ளியில் தேர்வு நாள். சத்தம் எழும்பவே கூடாத நாள். அக்கா புது மெஷினை மாட்டிக்கொண்டு விசையை அழுத்தினாள். கயிறு இல்லை, இருமல் இல்லை, புகை இல்லை. புல் சாய்ந்தது. அவளையும் மீறி ஓர் ஆச்சரியம் வந்தது. கையில் நடுக்கம் இல்லை. கிழவனோடு ஒரு மணி நேரம் நின்றால் விரல்கள் மரத்துப்போகும். டீக் குவளையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கும். இதில் அந்த வம்பே இல்லை. பொம்மை பரவாயில்லையே என்று மனசுக்குள் மட்டும் ஒப்புக்கொண்டாள். வெளியே சொன்னால் மானம் என்ன ஆவது?

புல்வெளியின் சரிபாதியில் மெஷின் நின்றுபோனது. ஒரு முனகல்கூட இல்லாமல் பொசுக்கென்று நின்றது. பேட்டரியைக் கழற்றினால் கை சுட்டது. சார்ஜரில் செருகினால் சிவப்பு விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. படியில் முதல்வர் நின்றிருந்தார். அவருக்கும் அக்காவுக்கும் நடுவே பாதி சவரம் செய்த முகமாகப் புல்வெளி கிடந்தது.

"அடுத்த வாரம் இன்னொரு தடவை பாக்கலாம் அக்கா," என்றார் முதல்வர். "அன்னிக்கும் இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளுக்குச் சொல்லிடுவேன். வருத்தப்படாதீங்க."

வருத்தமா? அக்கா கொதித்துப்போய்க் கடைக்குள் நுழைந்த வேகத்தில் வாசலில் சாத்தியிருந்த மண்வெட்டிகள் சரிந்தன.

"கூப்பிடும்னியே! எங்க கூப்பிட்டுச்சு? கிழவன் சாகறதுக்கு முன்னாடி நாலு தடவை இருமிக் காட்டுவான். இது வாயே திறக்காம மண்டையைப் போட்டுடுச்சு. ஊமை மெஷினை என் தலையில கட்டிட்ட!"

கடைப் பெண் பதறாமல் மெஷினை வாங்கினாள். தீரும் நிலையில் இருந்த ஒரு பேட்டரியைச் செருகி விசையை அழுத்தினாள். நைலான் நரம்பு சுற்றியது. பிறகு அவள் அக்காவைப் பார்த்தாள்.

"கேட்டுச்சா அக்கா?"

"எது?"

குழாய் வாங்க வந்த ஓர் ஆள் திரும்பி மெஷினைப் பார்த்தார். கடைப் பெண் மறுபடி அழுத்தினாள். கல்லா மேல் தூங்கிக்கொண்டிருந்த பூனை கண்ணைத் திறக்காமலே ஒரு காதை மெஷின் பக்கம் திருப்பியது. அழுத்துவதை நிறுத்தினாள், காது படுத்தது. அழுத்தினாள், காது நிமிர்ந்தது.

மனிதர்கள் அவளை ஏமாற்றலாம். பூனைக்கு அதில் என்ன லாபம்? அக்கா அந்தக் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, உக்காருங்க," என்றாள் கடைப் பெண். இப்போது அவள் குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. அந்த மரியாதைதான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வீட்டில் கணவர் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் காது கேக்கலையா?"

அவர் ஊசியைப் பித்தானிலேயே குத்தி வைத்தார். "கேக்குது. எல்லாம் கேக்கல. சின்னச் சின்னச் சத்தம் கேக்கல. வலது பக்கம் ரொம்பக் கம்மி."

"எப்போ இருந்து?"

"நாலஞ்சு வருஷம் இருக்கும். நான் சாப்பாட்டு மேஜையில இந்தப் பக்கம் மாறி உக்காந்தேனே, அப்போ இருந்து."

ஜன்னல் காற்றுக்காக இடம் மாறினார் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தெருவில் நடக்கும்போதும் அவர் அவளுக்கு இடது கைப் பக்கமே வருவது அப்போதுதான் உறைத்தது.

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் நீ 'சரி, வரும்போது வாங்கிட்டு வரேன்'னு சொன்ன."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "உங்க குரலும் அப்படித்தானே! லைப்ரரிக் குரல்!" என்றாள்.

"லைப்ரரியில நான் கத்தறேன்னு ரெண்டு தடவை எழுதிக் குடுத்துட்டாங்க," என்றார் அவர். "வீட்டுல பேசிப் பேசி அப்படியே பழகிடுச்சு."

இதற்கு அவளால் சிரிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் தன் குறையை அவர் தலையில் போட்டுத் திட்டியிருக்கிறாள். மனிதர் அதையும் வாங்கிக்கொண்டு, கத்தக் கற்றுக்கொண்டு, மேலதிகாரியிடம் பேச்சும் கேட்டிருக்கிறார். எழுந்து போய் டீ போட்டாள். அவருக்கு முதலில் கொடுத்தாள்.

மறுநாளே காது டாக்டர். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். வெகுநேரம் அக்காவின் கை மடியிலேயே கிடந்தது. கிழவன் இருபத்திரண்டு வருஷம் காதோரம் கத்தியதன் கணக்கு அது என்றார் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். மொச்சைக் கொட்டை அளவில் ஒரு கருவியை வலது காதில் வைத்து, ஒரு மாதம் போட்டுப் பார்க்கச் சொன்னார். மெஷினுக்கு இரண்டு வாரம், காதுக்கு ஒரு மாதம் என்று எல்லாமே பார்த்துவிட்டு வாங்குவதாக ஆகிவிட்டது அவள் பிழைப்பு.

முதல் இரண்டு நாள் நரகம். கரண்டி தட்டில் படும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. காகிதம் மடித்தால் பட்டாசு. ஃபிரிட்ஜ் ராவெல்லாம் முணுமுணுக்கிறது என்று யாரும் இதுவரை அவளிடம் சொன்னதில்லை.

"காபியா, டீயா?" என்று கணவர் வழக்கம்போல் கேட்டார்.

"மெதுவாப் பேசுங்க! தெருவே கேக்குது!"

அவருக்கு மெதுவாகப் பேசுவது மறந்துபோயிருந்தது. பழைய குரலைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆனது.

செவ்வாய்க்கிழமை வந்தது. கிழவனை அவள் தூக்கிப் போட்டுவிடவில்லை. எருக்குழி ஓரத்து முரட்டுப் புல்லுக்கு அவன்தான் லாயக்கு என்பதில் இன்னும் அதே பிடிவாதம். ஆனால் அவனைக் கிளப்பும் நாளில் இரண்டு காதுக்கும் தடித்த மூடி மாட்டுவது என்று முடிவாகியிருந்தது. இசைப் பள்ளிக்குப் பொம்மைதான் போனது.

புல்வெளியில் பாதிக்கு மேல் தாண்டியிருப்பாள். பீப், பீப் என்றது. சின்னக் குருவி கூப்பிடுவதுபோல, அவ்வளவு பொடிச் சத்தம். இதையா போன வாரம் கேட்காமல் விட்டோம் என்று நினைத்தபடி விசையை விட்டாள். பேட்டரியைக் கழற்றினாள், இளஞ்சூடுதான். சார்ஜரில் செருகியதும் பச்சை விளக்கு மினுங்கியது. அரை மணி நேரம். டீயை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள்.

பியானோ கேட்டது. மத்தளம் கேட்டது. அவற்றுக்கு மேலே, மெல்லிசாக, இன்னொன்றும் கேட்டது. அக்கா குவளையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவது மாடி, கடைசி ஜன்னல். யாரோ ஒரு பிள்ளை குழல் வாசித்தது. ஏழெட்டுச் சுரம் ஒழுங்காக ஏறி, ஓரிடத்தில் வழுக்கி விழுந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடி அதே இடத்தில் விழுந்தது.

முதல்வர் படியிறங்கி வேகமாக வந்தார்.

"என்ன அக்கா, இன்னிக்கும் நின்னுபோச்சா?"

"இல்ல மேடம், சார்ஜ் ஏறுது. அது கூப்பிட்டுச்சு, நான்தான் நிறுத்தினேன்." அக்கா ஜன்னலைக் காட்டினாள். "குழல் வகுப்பை மறுபடி எப்போ ஆரம்பிச்சீங்க?"

முதல்வர் ஜன்னலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மறுபடியா? அது எப்பவுமே நிக்கலையே அக்கா. பதினெட்டு வருஷமா அதே மாஸ்டர்தான் எடுக்கறார். செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி."

மூன்று வருஷத்துச் செவ்வாய்க்கிழமைகள் அவள் தலைக்கு மேலேயே போயிருக்கின்றன. அவள் கீழே உட்கார்ந்து, மூடிவிட்டார்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

முதல்வருக்கு என்ன புரிந்ததோ, அவள் வலது காதிலிருந்த கருவியைப் பார்த்தார். பிறகு மரத்தடியில் அவள் பக்கத்தில், இடது புறமாக உட்கார்ந்தார்.

"அடுத்த மாசமும் நீங்களே வந்துடுங்க," என்றார்.

"வரேன் மேடம்."

அரை மணி முடிந்து பச்சை விளக்கு நிலையாக எரிந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. "இன்னும் அஞ்சு நிமிஷம் மேடம். அந்தப் பிள்ளை அந்த இடத்தைத் தாண்டிடட்டும்."

மேலே பிள்ளை முதலிலிருந்து ஆரம்பித்தது.