ஏழெட்டு ஐம்பத்தாறு

சித்தூருக்குக் கிழக்கே இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு என்பது கணக்கல்ல, பாட்டு. ஓரேழு ஏழு என்று எடுத்தால் பத்தேழு எழுபதில்தான் மூச்சு விடுவேன். நடுவில் யாராவது தும்மினால் போச்சு, திரும்ப ஓரேழுக்கே வர வேண்டும். அதற்கு அர்த்தம் என்று ஒன்று இருப்பதாக வாத்தியார் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மாசியில் ஏழாம் வாய்ப்பாடு முடிந்திருந்தது. திங்கட்கிழமை எட்டாம் வாய்ப்பாடு ஆரம்பம்.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு வயது பதினொன்று. விருந்தாளி என்றால் பலகாரம் உண்டு என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அப்பாவுக்குச் சம்மதம். அம்மாவுக்கு இல்லை, அதை அப்பாவிடம் சொல்ல அவளுக்கு வாயில்லை. எனக்குத் தலை பின்னிக்கொண்டே என்னிடம்தான் சொன்னாள்.

"கண்ணு, அவிங்க கணக்குக் கேட்டாத் தெரியாதுன்னு சொல்லிப்போடோணும். தெரிஞ்சாலும் வாயத் தொறக்கப்படாது."

எனக்கு வந்ததே கோபம்! வாய்ப்பாட்டில் வகுப்புக்கே முதல் ஆள் நான். பெற்ற தாயே இப்படிச் சொன்னால்?

வந்தவர் பெரிய தென்னந்தோப்புக்காரர். காய் எண்ணத் தெரிந்த மருமகள்தான் வேண்டும், மக்குப் பெண்ணானால் வேண்டவே வேண்டாம் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். வாசல் கட்டிலில் உட்கார்ந்து மோரைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"அம்மிணி, ஏழெட்டு எத்தனை?"

ஏழெட்டு எட்டாம் வாய்ப்பாட்டில் வருவது. எனக்கு நிஜமாகவே தெரியாது, திருதிருவென்று விழித்தேன். கதவோரம் நின்ற அம்மாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லையே.

அந்த நேரம் பார்த்து ஒரு காக்கை வந்தது. காலையில் அம்மா கிள்ளி வைத்த வடகம் வாசலில் துணிமேல் காய்ந்துகொண்டிருந்தது. வரிசைக்கு ஏழாக எட்டு வரிசை. எட்டேழு ஐம்பத்தாறு என்று காலையிலேயே பாடிப் பார்த்திருந்தேன். காக்கையை விரட்டத் துணியின் பக்கவாட்டுக்கு ஓடினேன். அங்கிருந்து பார்த்தால் வரிசைக்கு எட்டு, ஏழு வரிசை. அதே வடகம். ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை.

"ஐம்பத்தாறுங்க!" என்று கத்தினேன். "ஏழெட்டும் எட்டேழும் ஒண்ணுதானுங்க! எந்தப் பக்கம் நின்னு எண்ணுனாலும் அதேதானுங்க!"

தோப்புக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பலே! அப்பறமென்னங்க, தட்டை மாத்திக்கலாமுங்க" என்றார். அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். வெற்றிலைத் தட்டு கை மாறியது.

அம்மா வாசலுக்கு வந்து, ஈரம் காயாத வடகத்தைத் துணியோடு சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் பின்னாலேயே ஓடினேன்.

"நாஞ் சொன்னது சரிதானேம்மா?"

"சரிதாங் கண்ணு" என்றாள்.

சரியென்றால் எதற்கு அழ வேண்டும்? எனக்கு விளங்கவில்லை. மறுநாள் எட்டாம் வாய்ப்பாடு எழுதுவதற்காகச் சிலேட்டைக் கரி போட்டுத் தேய்த்துக் கழுவி, பைக்குள் வைத்தேன்.