கிணற்றடியில் ஏழு தடவை

என் கணவருக்குச் சினிமாவில் நாட்டமில்லை. நாய் நடிக்கும் படமென்றால் மட்டும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து உட்காருவார். படையினரோடு போகும் நாய், பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் நாய், பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் என்று மகள் தேடித் தேடிப் போட்டுக் கொடுப்பாள். அவருடைய கண் கயிற்றைப் பிடித்திருக்கும் மனிதனின் கையிலேயே இருக்கும்.

“இப்பிடி நாய ஓட உட்டா ரெண்டு பேரும் மவுத்துதான்,” என்பார்.

“வாப்பா, இது படம். மெதுவா நிலத்த மணந்து மணந்து போனா ஆரு பாப்பாங்க?” என்பாள் மகள்.

“நான் பாப்பன்.”

அவர் செய்த வேலை அப்படிப்பட்டது. வன்னியில் கண்ணிவெடி அகற்றும் ஒரு குழுவில், நாயைக் கொண்டு வெடி தேடுகிறவராக எட்டு வருடங்கள் இருந்தார். நீளக் கயிற்றின் ஒரு நுனியில் அவர். மறு நுனியில் ஒரு மண்ணிறப் பெண் நாய். அது தரையை மணந்துகொண்டு நேர்கோட்டில் போகும். வெடிமருந்தின் வாடை வந்தால் அந்த இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்ததற்குக் கூலி, விளையாட ஒரு சிவப்பு இறப்பர் பந்து. அது மணந்து முடித்த தரையில் முதலில் கால் வைப்பவரும் அவரே. நம்பிக்கை என்ற சொல்லைப் புத்தகங்களில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அந்த முதல் அடியை நினைக்கும்போதுதான் அதன் எடை எனக்கு விளங்கும்.

நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால், என்பது நாங்கள் பின்பற்றும் மத்ஹபின், அதாவது மார்க்கச் சட்டப் பிரிவின், விதி. அவர் முகாமிலேயே கழுவி, வேலை உடுப்பை அங்கேயே விட்டுவிட்டுத்தான் லீவில் வருவார். ஆனாலும் வளவுக்குள் நுழைந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய் மறுபடி ஏழு தடவை கழுவுவார். அது என் மனத்துக்காக. குசினி ஜன்னலில் நின்று நான் எண்ணுவேன்.

“ஆறுதான் ஆச்சு.”

“மண் போட்டத எண்ணல்லையா? டீச்சருக்கே கணக்குப் பிழைக்குது.”

நாய்க்கு வயதாகி மூக்கு மந்தமானபோது அதை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விரும்பினால், அதை நடத்தியவரே கொண்டுபோய் வளர்க்கலாம் என்றார்கள். அந்த லீவில் ஒரு நாள், பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

“புள்ள, அதக் கூட்டி வரட்டா? ஊட்டுக்கு வேணாம். வயல் காவல் வாடியில கட்டி வைப்பம். காட்டுப் பண்டி வந்தாக் குரைக்கும்.”

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் அந்த வயலும் என் பெற்றோர் எனக்குத் தந்தவை. சுவரில் ஓர் ஆணி அடிப்பதானாலும் என்னிடம் கேட்டுவிட்டே அடிப்பவர் அவர்.

மகளுக்கு அப்போது ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். நாய் வைத்திருக்கிற குடும்பம் என்று ஊர் கதைக்குமே என்று பயந்தேன். அந்தப் பயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆகவே மார்க்கத்தைச் சொன்னேன்; நாய் உள்ள வீட்டுக்கு வானவர்கள் வருவதில்லை என்பதை.

“நமக்கு அது கூடாது. மலக்குமார் வர மாட்டாங்க. இனி இந்தக் கதை வேணாம்.”

“சரி,” என்றார். கையிலிருந்த சோற்றை உண்டு முடித்து எழுந்தார்.

என் அலுமாரியில் மார்க்கச் சட்ட நூலான கிதாபு ஒன்று இருக்கிறது. பயிரையும் மந்தையையும் காக்க நாய் வைத்திருக்கலாம் என்று அதில் ஐயத்துக்கிடமின்றி எழுதப்பட்டிருக்கிறது. அவர் கேட்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அந்தப் பக்கத்தை வாசித்திருந்தேன். அவர் அந்த அலுமாரியைத் திறப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

வேறொரு நாயைப் பழக்க அவருக்கு மனம் வரவில்லை. வேலையை விட்டு வந்து வயலைப் பார்த்தார். நாய் முகாமின் கூட்டிலேயே நின்றது. மகளுக்குப் பேசிய சம்பந்தம் வேறேதோ காரணத்தால் தவறிப்போயிற்று.

மூன்று மாதங்கள் கழித்து ஒரு முற்பகலில் தொலைபேசி வந்தது. முகாமில் அவரோடு வேலை செய்தவர். “ஓம்… ஓம்… தின்னவே இல்லையா?… எங்க பொதச்சீங்க?… சரி,” என்று மட்டும் இவர் பேசியது கேட்டது. பிறகு கிணற்றடிக்குப் போனார். மூன்று மாதங்களாக எந்த நாயும் தொட்டிராத கைகளை, மண்ணள்ளித் தேய்த்துக் கழுவினார். ஜன்னலில் நின்று எண்ணினேன். ஏழு.

சென்ற வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பிட்ட பின், மகள் ஒரு படம் போட்டாள். சுங்கத்தில் மோப்பம் பிடித்த கிழநாயை, அதை நடத்தியவன் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறான். அவன் மனைவி கேற்றைத் திறந்து பிடிக்கிறாள்.

“அவங்களுக்குப் பிரச்சின இல்ல,” என்றார் இவர்.

“நமக்கும் இருக்கல்ல.” என்றேன் நான். “வயலுக்கு வைக்கலாம். கிதாபுல இரிக்கி. அப்பவே எனக்குத் தெரியும்.”

திரையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

“எனக்கும் தெரியும். அங்க இருக்கக்குள்ளயே ஒரு மௌலவிட்டக் கேட்டுட்டுத்தான் வந்த.”

“அப்ப ஏன் ஒண்டும் சொல்லல்ல?”

“நான் கிதாபுட்டயா கேட்ட? உன்னட்டத்தானே கேட்ட.”

மகள் படத்தை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் எழுந்து வெளியே போனார். சைக்கிள் கொட்டிலில் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் உள்ளே வராமல் வாசற்படிக்கு அப்பால் நின்றார். கையில் ஒரு பழைய சொப்பிங் பை. அதற்குள், சிவப்பு வெளிறிப்போய்ப் பற்கள் பதிந்த இறப்பர் பந்து.

“ஏழு தரம் கழுவினதுதான். நீதான் எண்ணல்ல,” என்றார். “இத உள்ள வைக்கட்டா?”

“ஓம்,” என்றேன்.

தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் அதை வைத்தார். ஒரு பக்கம் கடியுண்டு தேய்ந்திருந்தும் அது உருண்டுகொண்டே இருந்தது. மகள் தன் தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றி அதற்கு முட்டுக் கொடுத்தாள்.