ஆமையின் விரதம்

வெளிநாட்டு நகரமொன்றில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் குடியிருந்துகொண்டு ரத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன், இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. மீன், தவளை, ஆமை, கோழி, மாடு என ஒவ்வொன்றின் ரத்தத்திலும் அணுக்களை நீக்கினால் மிஞ்சும் தெளிந்த நீரில் என்னென்ன புரதங்கள், எவ்வளவு என்று ஒப்பிடுவது என் வேலை. சாயமேற்றினால் அவை நீலக் கோடுகளாகத் தெரியும். மாட்டுக்குத் தடித்த கோடு விழும் இடத்தில் ஆமைக்கு ஒரு மெல்லிய கீற்று. அதற்கே பூரித்துப்போவேன்.

ரத்தம் எடுக்குமுன் விலங்குகளைப் பட்டினி போடவேண்டும். கொழுப்பு சேர்ந்தால் கோடுகள் கலங்கிவிடும். தொட்டியில் ‘உணவு கூடாது’ என்று அட்டை மாட்டுவேன். விலங்குக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட யாழ்ப்பாணத்து அண்ணன் அதைக் கண்டதும், "இண்டைக்கு ஆருக்கு விரதம், தங்கச்சி?" என்பார். சிரிப்பேன்.

ஒருமுறை ஆமைக்கு விரதம். இருந்தது ஒரே ஆமை. அதற்கென்றே அண்ணன் ஜான்-டலோன் சந்தையில் கீரை வாங்கிவருவார்; அவர் வந்தால் அது கழுத்தை நீட்டும். அன்று எடுத்த ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றிப் பார்த்தால், மேலே நின்ற நீர் கழுநீர் போல வெளுத்திருந்தது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"அண்ணா, இதுக்கு ஏதாவது குடுத்தீங்களா?"

"என்ரை சாப்பாட்டிலை கொஞ்ச மீன்பொரியல். கழுத்தை நீட்டிப் பாத்துக்கொண்டு நிண்டுது. பசியோடை இருக்கிறதிட்டை ரத்தமும் எடுக்கிறதோ?"

மறுபடியும் பட்டினி, மறுபடியும் ஊசி. இந்தத் தடவை நீர் கண்ணாடியாக வந்தது. கோடுகள் அவ்வளவு அழகு. அந்த வாரமே ஆமை செத்துப்போனது.

"ஏன் ரண்டு தரம் குத்தினனீங்கள்?" என்று கேட்டார்.

ஆமைக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் செத்தது என்று சொல்லியிருக்கலாம். செத்தது ஊசியால்தானா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனாலும் ஆராய்ச்சிக்காரப் புத்தி, கேட்டதற்குப் பதிலை நறுக்கென்று சொல்லிவிட்டது. "மீன் கொழுப்பு கலந்துடுச்சுண்ணா. அதான் திரும்ப எடுக்க வேண்டியதாப் போச்சு."

"ஓம்," என்றார்.

அடுத்துத் தவளைகளுக்கு அட்டை மாட்டினேன். அவர் கேலி செய்யவில்லை. மதியம் சாப்பாட்டு அறையில் அவருடைய டப்பா மூடியபடியே இருந்தது.

"சாப்பிடலையாண்ணா?"

"அதுகள் சாப்பிடட்டும். நான் பேந்து சாப்பிடுறன்."

அட்டை தொங்கிய நாளெல்லாம், நான் அங்கிருந்தவரை, அப்படித்தான். ஆய்வேட்டில் அந்த ஆமையின் கோடுகளைப் பாராட்டாதவர் இல்லை. நான் மட்டும் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் புரட்டிவிடுவேன். ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்த மனிதர் சாப்பிட்டிருப்பார்.