பங்கருக்குள் தோப்புக்கரணம்

எங்கள் குணலட்சுமி அக்கா கும்பிட்டால் குண்டு விழாது என்று இணுவிலில் எங்கள் ஒழுங்கை முழுக்க நம்பியது. நம்பாத ஒரே ஆள் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட தங்கச்சி என் சொல்லை யார் கேட்பார்கள்?

அக்கா பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடியவள். பள்ளிக்கூடம் அகதிகளால் நிரம்பியதும் விளையாட்டு நின்றது. அக்காவால் நிற்க முடியவில்லை. விடிய எழும்பி வீட்டு வளவைச் சுற்றி ஓடினாள்.

"குமர்ப்பிள்ளை உப்பிடி ஓடினா ஊர் என்ன கதைக்கும்?" என்று அம்மா தடுத்தார்.

அடுத்த நாளே சாமியறைப் பிள்ளையாருக்கு முன்னால் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடத் தொடங்கினாள். அதை யார் தடுப்பது? சோற்றைத் தள்ளவும் அதே வழிதான். முதலில் வெள்ளி விரதம், பிறகு சதுர்த்தி, பிறகு பஞ்சாங்கத்திலேயே இல்லாத விரதங்கள். அவளைப் போலக் குந்தி இருந்தெழும்பி நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பேன்.

முதன்முறை குண்டுபோட பொம்பர் விமானம் வந்தபோது, வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள்ளும் தோப்புக்கரணம் போட்டாள். குண்டு அடுத்த ஊரான கொக்குவில் பக்கம் விழுந்தது. "இந்தப் பிள்ளையாலைதான் தப்பினம்" என்றார் பக்கத்து வீட்டுப் பராசக்தி மாமி. கொக்குவிலில் தோப்புக்கரணம் போட ஆளில்லை போலும்.

ஒருநாள் அவளுக்குச் சீப்பால் தலை இழுத்தேன். மயிர் கொத்தாகக் கையோடு வந்தது. முதுகெலும்பு கொட்டை கொட்டையாகத் தெரிந்தது. கொளுத்தும் வெயிலில் அவள் போர்வை கேட்டாள். அதற்குப் பிறகு நான் நடிக்கவில்லை. அவள் படுத்திருந்தால் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்ப்பேன். கண் திறந்தால், "மூக்கிலை இலையான்" என்று ஈ விரட்டுவதுபோலக் கையை வீசுவேன்.

"அம்மா, உவள் செத்துப்போவாள்."

"வாயைக் கழுவு. அவளின்ரை பக்தியிலை காற்பங்கு உனக்கிருந்தாக் காணும்."

அன்று காலை அம்மாவின் வற்புறுத்தலுக்கு அக்கா பேக்கரியில் வாங்கிய பாணில் ஒரு துண்டு தின்றாள். கொஞ்ச நேரத்தில் பொம்பர் வந்துவிட்டது. மாமியும் எங்கள் பங்கருக்குள் ஓடிவந்தார்.

"பிள்ளை, தொடங்கு."

அக்கா காதைப் பிடித்தபடி குந்தி இருந்தாள், எழும்பினாள். இருந்தாள், எழும்பினாள். உதடு நீலமாகியது. சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் இருந்தபோது, நான் அவளைச் சுவரோடு சாய்த்து மடியில் ஏறிக் குந்திவிட்டேன்.

"எடி மூதேவி, அவளை விடு. குண்டு விழப்போகுது" என்றார் மாமி.

"விழட்டும்."

அக்கா என்னைத் தள்ளினாள். அந்தக் கையில் பலமே இல்லை. அவளுடைய நெஞ்சு என் முதுகில் அடித்தது. ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. நின்ற நேரத்தில் எனக்கும் மூச்சு நின்றது. கிட்டவே குண்டு விழுந்து கூரை மண் கொட்டியது. அக்கா அழத் தொடங்கினாள்.

"விடடி. காலமை திண்ட பாண் அப்பிடியே கிடக்குது. அது என்னிலை சதையா ஒட்டமுன்னம் நான் எழும்போணும்."

அம்மா காதைப் பொத்தியிருந்த கைகளை எடுத்தார். "என்னடி சொல்லுறாய்?"

"பாண், அம்மா."

அம்மா தவழ்ந்து வந்து அக்காவின் மேல்கையைப் பிடித்தார். விரல்கள் சுற்றி வந்து ஒன்றோடொன்று முட்டின. பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொம்பர் போனது, மாமியும் போனார். நான் எழும்பவில்லை. எழும்பினால் அவள் தொடங்கிவிடுவாள்.

"சைக்கிளை எடு. ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போவம்" என்றார் அம்மா.

"வேண்டாம் அம்மா" என்றாள் அக்கா. "நான் நடந்து வாறன்."